நாலாம் கிழமையோட போன் எடுக்கினமில்லை: தூரத்தில இருந்து பயிற்சி குடுக்கிற ஆக்கள் என்ன செய்யிறியள்?

வடகடல்_பிசியோ

வணக்கம். யாழ்ப்பாணத்தில ஒரு அரச வைத்தியசாலையில பிசியோவாய் இருக்கிறன், 6 வருசமாகுது. கிழமையில ரெண்டு பின்னேரம், கிளினிக்குக்கு வர ஏலாத ஆக்களை வைபரில எடுத்து, வீடியோவில பயிற்சி செய்விக்கிறன். கூடுதலாய்த் தீவுப்பகுதிச் சனம். நெடுந்தீவில இருந்து ஒருத்தர் எங்களிட்டை வாறதெண்டால் விடியப் படகு, குறிகட்டுவான் மட்டும் ஒரு மணித்தியாலக் கடல், பிறகு பஸ், பிறகு வாசலில நம்பர் எடுத்துக் காத்திருக்கிறது. சோளகம் பெலக்கிற மாதங்களில மூச்சு முட்டுற மனுசரை அந்தப் படகில ஏறச் சொல்ல எனக்கு மனம் வராது. அதாலதான் போனில துவங்கினனான்.

முதல் ரெண்டு கிழமை நான் எடுக்க முதலே கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருப்பினம். மூண்டாம் கிழமை "நாளைக்குச் செய்யிறன் மிஸ்". நாலாம் கிழமை மணி அடிச்சு அடிச்சு நிக்கும். 11 பேரோட துவங்கினனான், இப்ப 4 பேர்தான் ஒழுங்காய் வருகினம்.

ரெண்டு பேரைப் பற்றிச் சொல்லுறன். ஆள் தெரியாமல் கொஞ்சம் மாத்தியிருக்கிறன்.

ஒருத்தர் 67 வயசு ஐயா, நெடுந்தீவு. வாழ்நாள் முழுக்கக் கடல்தொழில், அதோட சுருட்டு. சீஓபிடி எண்ட நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, எங்கட சனம் முட்டு எண்டு சொல்லுற வருத்தம். சுருட்டை விட்டு 3 வருசம். போன் மருமகளின்ரது. அவா அதைச் சீனிப் போத்தலில சாத்தி வைச்சிட்டுக் குசினிக்குப் போயிடுவா. எனக்குத் தெரியிறது முகட்டு ஓடும் ஐயாவின்ர நெத்தியில பாதியும்தான். "நடந்தியளோ ஐயா?" "ஓம் மிஸ்." "கதிரையில இருந்து எழும்பி, திரும்ப இருந்து செய்தியளோ?" "செய்தனான் மிஸ்." ஒருநாள் பின்னால நிண்ட பேரப்பெடியன், அஞ்சாறு வயசிருக்கும், "அப்பப்பா ஒண்டும் செய்யேல்லை, படுத்துத்தான் கிடந்தவர்" எண்டு சொல்லிப் போட்டான். ஐயா ஒண்டும் பேசேல்லை. கை ஒண்டு வந்து போனைக் கவிட்டு வைச்சுது. அதுக்குப் பிறகு 2 கிழமையாய் ஆள் வாறேல்லை.

மற்றவா 44 வயசு ரீச்சர், வடமராட்சி. 2021இல கொவிட் வந்தது. ஆஸ்பத்திரியில நிக்கேல்லை, வீட்டிலயே மாறினது. ஆனால் களைப்பு மாறேல்லை. கரும்பலகையில பாதி எழுதிப்போட்டு மிச்சம் என்னெண்டு மறந்துபோய் நிக்கிறாவாம். நான் சொன்னது எல்லாத்தையும் செய்து, தாளில சரி போட்டுப் படம் அனுப்புவா. 5 நிமிசம், 8 நிமிசம், 12 நிமிசம் எண்டு கூட்டிக்கொண்டு போனன். நாலாம் கிழமை ஒரு மெசேஜ்: "மிஸ், என்ர பேரைப் பட்டியலில இருந்து எடுத்துவிடுங்கோ. நான் பஞ்சி பிடிச்ச ஆள் எண்டு வீட்டிலயும் சொல்லுகினம். அது உண்மைதான் போல." அதை வாசிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை.

நான் செய்து பாத்தது: காலமை ஞாபகப்படுத்தி மெசேஜ், குரல்பதிவு, எல்லாரையும் ஒரு குறூப்பில போட்டுச் செய்தவை சரி போடுறது. குறூப் போட்டது பெரிய பிழை. சரி போடாத ஆக்கள் சத்தமில்லாமல் விலகிப் போச்சினம்.

எல்லாருக்கும் குடுத்தது வைத்தியசாலையில போட்டோக்கொப்பி அடிச்சு வைச்சிருக்கிற அதே 8 கிழமைத் தாள்தான். அதில பிழை இருக்கோ, நான் கதைக்கிற விதத்தில பிழை இருக்கோ தெரியேல்லை. இந்தச் சனத்தை எப்பிடி உசார்ப்படுத்தி வைச்சிருக்கிறது? அனுபவமுள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

கைதடித்_தையல்காரி

தங்கச்சி, அந்த ரீச்சர் நானில்லை, ஆனால் அந்த மெசேஜை நானும் ஒருக்கால் எழுதி அனுப்பாமல் அழிச்சனான்.

எனக்கும் 2021 ஆவணியிலதான் வந்தது. அதுக்கு முதல் ஒருநாளைக்கு 3 ரவிக்கை தைச்சு முடிப்பன், நல்லூர்த் திருவிழாக் காலத்தில 5. வருத்தம் மாறின பிறகு ஒரு ரவிக்கைக்குக் கை வைச்சுப்போட்டுப் படுத்தால், கழுத்துப்பட்டி தைக்க எழும்புறது அடுத்தநாள். எனக்கும் ஒரு பிசியோ மிஸ் போனில பயிற்சி சொல்லித் தந்தவா. நல்ல பிள்ளை, குரலில அன்பு இருக்கும். திங்கள் பின்னேரம் எடுப்பா. திங்களில நான் நல்லாய்த்தான் இருப்பன். செய்து காட்டுவன். "அருமை அக்கா, போன கிழமையை விட 2 நிமிசம் கூட" எண்டுவா. எனக்கும் சந்தோசம்.

புதன்கிழமை தலை இழுக்கச் சீப்பைத் தூக்க ஏலாது. வெளிச்சம் பாக்க ஏலாது. அவர் ரீவி போட்டால் அந்தச் சத்தம் மண்டைக்குள்ள குத்தும். வெள்ளி மட்டும் அப்பிடியே கிடப்பன். சனி, ஞாயிறு கொஞ்சம் தெளிவு. திங்கள் திரும்ப மிஸ் எடுக்கேக்க நல்ல ஆள். அப்ப மிஸ் காணுறது திங்கள்கிழமை ஆளை மட்டும்தான். புதன்கிழமை ஆளை அவா ஒருநாளும் கண்டதில்லை.

நான் ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பியள். எனக்கே தெரியாது தங்கச்சி. நடந்தது திங்கள், விழுந்தது புதன். ரெண்டையும் யார் சேத்துப் பாக்கிறது? செவ்வாய் உடுப்புத் தோய்ச்சதால எண்டு நினைச்சன், வெயிலெண்டு நினைச்சன், வயசு போகுதெண்டு நினைச்சன். அதோட, அவ்வளவு அருமையாய்ப் பாராட்டின பிள்ளையிட்டை "ஏலாமல் கிடக்கு" எண்டு சொல்ல வெக்கம்.

அதைக் காட்டித் தந்தது என்ர பில் கொப்பி. துணி வாங்கின திகதியும், குடுக்கிறன் எண்டு சொன்ன திகதியும், உண்மையில குடுத்த திகதியும் அதில கிடக்கு. ஒருநாள் ஒரு வாடிக்கைக்காரப் பிள்ளை கோவிச்சுக்கொண்டு போன பிறகு அதை விரிச்சு வைச்சுப் பாத்தன். பிந்தினது எல்லாம் புதன், வியாழன். ஒண்டு விடாமல். பயிற்சி துவங்க முதல் பிந்தினதுகள் எந்த நாளிலயும் கிடந்துது, துவங்கின பிறகு எல்லாம் அந்த ரெண்டு நாளிலதான்.

படம் எடுத்து மிஸ்ஸுக்கு அனுப்பினன். அவா உடன எடுத்தவா, அழுதவா எண்டுதான் நினைக்கிறன். அதுக்குப் பிறகு எல்லாத்தையும் பாதியாய்க் குறைச்சம். இப்ப நான் களைக்கிறதுக்கு முதலே நிப்பாட்டுறன். வெட்டுறது ஒருநாள், தைக்கிறது ஒருநாள். 15 நிமிசம் மெசின், 15 நிமிசம் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது, போனும் பாக்கிறதில்லை. 2 நாளைக்கு 1 ரவிக்கை. முந்தியைப் போல இல்லைத்தான், ஆனால் சொன்ன திகதிக்குக் குடுக்கிறன். எனக்கு வேண்டியதே அதுதான்.

அந்த ரீச்சருக்கு உசார் இல்லையெண்டு தயவுசெய்து நினையாதேங்கோ. அவா உசாராய் இருந்ததாலதான் விழுந்தவா. அவவை விட்டிடாதேங்கோ தங்கச்சி.

பழைய_பிசியோ

இந்தத் தொழிலில 30 வருசத்துக்கு மேல இருந்து ஓய்வெடுத்தனான். கைதடித் தங்கச்சி சொன்னதுக்கு மேல ரீச்சரைப் பற்றி நான் சொல்லக் கனக்க இல்லை, ஆனால் பிசியோப் பிள்ளைக்குச் சில விசயம் சொல்ல வேணும்.

பிள்ளை, பிழை அந்தத் தாளில கிடக்கு. உங்கட ரெண்டு ஆக்களுக்கும் இருக்கிறது ஒண்டுக்கொண்டு எதிரான பிரச்சினை.

ரீச்சருக்கு வாறது உழைப்புக்குப் பிந்தின சரிவு. வேலை செய்த உடன வராது, 12 மணித்தியாலத்தில இருந்து 72 மணித்தியாலத்துக்குள்ள வரும். உடம்பு வேலை மட்டுமில்லை, பள்ளிக்கூடத்தில கொப்பி திருத்தினாலும் வரும், ஒரு சண்டை பிடிச்சாலும் வரும். உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்ரோபரில கொவிட்டுக்குப் பிறகு நீடிக்கிற வருத்தத்துக்கு வரைவிலக்கணம் குடுத்தது: கொவிட் துவங்கி 3 மாதத்துக்குப் பிறகும் நிக்கிற, குறைஞ்சது 2 மாதம் நீடிக்கிற, வேற காரணம் சொல்ல ஏலாத குறிகள். இதே மாதிரிச் சரிவு வாற நாட்பட்ட களைப்பு நோய்க்குக் கிழமைக்குக் கிழமை கூட்டிக்கொண்டு போற பயிற்சியைக் குடுக்க வேண்டாம் எண்டு பிரித்தானியாவின்ர நைஸ் அமைப்பு அதே 2021இல தன்ர வழிகாட்டலை மாத்தினது. உங்கட தாள் அதுக்கு முந்தினதாய் இருக்க வேணும்.

அதால முதல் போனிலயே ஒரு கேள்வி கேளுங்கோ: "ஒருநாள் கொஞ்சம் கூட வேலை செய்தால், அதுக்கு அடுத்தநாளும் மற்றநாளும் எப்பிடி இருப்பியள்?" பதில் "விழுந்து போவன்" எண்டால் கூட்டுற கதை வேண்டாம். செய்யிறதைக் குறைச்சு, 2 கிழமை சரிவில்லாமல் நிக்குதோ எண்டு பாருங்கோ. நீங்கள் எடுக்கிற நாளையும் மாத்துங்கோ, திங்கள் பயிற்சியெண்டால் புதன் ஒரு நிமிசம் எடுத்து "எப்பிடி இருக்கிறியள்" எண்டு மட்டும் கேட்டாக் காணும். வைத்தியர் இரத்தம், தைரொயிட், இதயம் எல்லாம் பாத்தவரோ எண்டும் விசாரியுங்கோ, எல்லாக் களைப்பையும் கொவிட்டில போடக்கூடாது. அதோட அந்த "உண்மைதான் போல" எண்ட வசனம் எனக்குப் பிடிக்கேல்லை. மனம் எப்பிடி இருக்கு, வாழப் பிடிக்காமல் வருதோ எண்டு நேராய்க் கேளுங்கோ. கேட்டால் கூடிப்போகும் எண்டு பயப்பிடாதேங்கோ. மனநல உதவிக்கு 1926 எண்ட இலக்கம் 24 மணித்தியாலமும் இருக்கு.

ஐயாவின்ர கதை வேற. அவருக்கு உழைப்பு வேணும். மூச்சு முட்டுமெண்ட பயத்தில இருக்கிறார், இருக்க இருக்கக் கால் தசை வத்துது, வத்தின கால் அதே தூரத்துக்குக் கூடக் காத்துக் கேக்குது, அப்ப இன்னும் கெதியாய் முட்டுது. அந்த வட்டத்தை உடைக்கிறதுதான் எங்கட வேலை. போர்க் எண்ட சுவீடன்காரரின்ர 0 தொடக்கம் 10 மூச்சிளைப்பு அளவுகோலில 3, 4 மட்டும் இளைக்கலாம், அது வேணும். போனில நம்பர் சொல்ல அவருக்கு வராது. நடக்கேக்க ஒரு தேவார அடியைச் சொல்லச் சொல்லுங்கோ. இடையில ஒருக்கால் மூச்செடுத்துச் சொல்லி முடிச்சால் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் நிக்கிறாரெண்டால் கூடிப்போச்சு, ஆறட்டும். பாட்டாய்ப் பாடி முடிக்கிறாரெண்டால் இன்னும் கொஞ்சம் நடக்கலாம்.

அவர் மூச்சு மருந்துப் பம் அடிக்கிறதை வீடியோவில ஒருக்கால் பாருங்கோ. என்ர அனுபவத்தில பாதிப்பேருக்கு மேல பிழையாய்த்தான் அடிக்கிறவை, மருந்து நாக்கில நிக்கும். மருந்து போகாத நெஞ்சோட நட நட எண்டால் மனுசன் எப்பிடி நடக்கும்? கதிரையையும் பாருங்கோ. சாய்மனைக் கதிரையில இருந்து எழும்பி இருந்து செய்யச் சொன்னால் எனக்கும் ஏலாது. கை இல்லாத நேர்க் கதிரை, முதுகு சுவரோட முட்டி நிக்க வேணும், இல்லாட்டில் சீமேந்து நிலத்தில வழுக்கும். நெஞ்சு நோ, மயக்கம், சொண்டு நீலம் எண்டால் பயிற்சியை விட்டிட்டு அம்புலன்சுக்கு, 1990க்கு அடிக்கச் சொல்லி வீட்டாருக்கு முதலே சொல்லி வையுங்கோ.

ஊக்கம் எண்ட சொல்லுக்கு வாறன். மில்லர் எண்ட அமெரிக்க உளவியலாளர் 1983இல குடிகாரரோட வேலை செய்யேக்க ஒரு முறையை எழுதினவர், பிறகு அது எல்லா வருத்தத்துக்கும் வந்திட்டுது. அதில எனக்கு மிச்சம் உதவின கேள்வி இது: "நடக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தினை?" ஐயா 4 எண்டுவார். நாங்கள் பழக்கத்தில "ஏன் 8 இல்லை?" எண்டு கேப்பம். அப்பிடிக் கேட்டால் அவர் தனக்கு ஏலாததுக்குக் காரணம் அடுக்குவார். "ஏன் 1 இல்லாமல் 4 எண்டு சொன்னியள்?" எண்டு கேளுங்கோ. அப்ப தான் ஏன் நடக்க விரும்புறன் எண்டதை அவர்தான் சொல்லுவார். அந்தக் காரணம் அவற்ற வாயால வர வேணும். எங்கட தாளில அது இருக்காது.

11இல 4 எண்டு கவலைப்படுறியள். இங்கிலாந்து, வேல்ஸில ரீகெய்ன் எண்டு ஒரு பெரிய ஆய்வு, 585 பேர், 2024இல வெளிவந்தது. கொவிட்டால ஆஸ்பத்திரியில நிண்டு வந்த ஆக்களுக்கு, பிறகும் நீடிச்ச வருத்தத்துக்கு 8 கிழமை இணையவழியில குழுவாய்ப் பயிற்சி. பலன் இருந்தது, வாழ்க்கைத்தரம் கூடினது. ஆனால் பயிற்சிக்குச் சேத்த 298 பேரில 141 பேர்தான் முழுசாய்ச் செய்தவை. அவ்வளவு வசதியோட பாதியும் இல்லை. நீங்கள் ஒரு போனும் சீனிப் போத்தலும் வைச்சுச் செய்யிறியள் பிள்ளை.

ஸ்காபறோ_மகன்

நான் தொழில்காரன் இல்லை. அப்பா சாவகச்சேரியில, பாரிசவாதம் வந்து ஒண்டரை வருசம். நான் கனடாவில இருந்து ஒவ்வொருநாளும் இரவு 9 மணிக்கு எடுப்பன், அங்க விடிய ஆறரை. "கை பயிற்சி செய்தியளோ, கால் செய்தியளோ, எத்தினை தரம்?" இதுதான் என்ர கதை. காசு அனுப்புறன், பிசியோவுக்கும் குடுக்கிறன், ஏன் செய்யாமல் கிடக்கிறார் எண்டு கோவம்.

ஒருநாள் அக்கா சொன்னா: "தம்பி, நீ எடுக்கிற நேரம் வந்தால் அப்பா கக்கூசுக்குப் போயிடுறார்." நெஞ்சு அடைச்சுப் போச்சு.

அதுக்குப் பிறகு ஒரு மாதம் பயிற்சி எண்ட சொல்லையே எடுக்கேல்லை. முற்றத்து மாமரம் காய்ச்சுதோ, தோட்டத்தில வெங்காயம் நட்டாச்சோ எண்டு கேட்டன். அப்பாவே ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு வெங்காயப் பாத்தியைக் காட்ட வெளியால வந்தார். ஏலாத கையில போன். அந்தக் கையால போனைப் பிடிக்கச் சொல்லி பிசியோ 4 மாதமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தவர். உங்கட ஐயாவிட்டையும் கொஞ்சநாளைக்கு ஒண்டும் கேளாதேங்கோ மிஸ். சும்மா கதையுங்கோ.

வடகடல்_பிசியோ

எழுதின எல்லாருக்கும் நன்றி. 12 நாள் கழிச்சு வாறன், நடந்ததைச் சொல்ல வேணும் எண்டுதான்.

ரீச்சருக்கு வீடியோ இல்லாமல் சாதாரண போன் எடுத்தன். "அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்கோ, பிழை என்ர" எண்டு சொன்னன். கனநேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப நான் பஞ்சி இல்லையோ?" எண்டு கேட்டா. சேர் சொன்ன மாதிரி மனதைப் பற்றியும் நேராய்க் கேட்டன். அழுதவா, ஆனால் அந்தளவுக்குப் போகேல்லை எண்டு சொன்னா. வைத்தியரிட்டைக் கடிதம் எழுதிக் குடுத்து இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பியிருக்கிறன்.

அவவுக்கு என்ன வேணும் எண்டு முதன்முறையாய்க் கேட்டன். 10 நிமிசம் நடக்கிறது இல்லை. காலமை மகளுக்கு இரட்டைப்பின்னல் பின்னிவிட வேணும். ரெண்டு கையையும் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்க ஏலாமல் இப்ப மாமியார்தான் பின்னுறாவாம். அப்ப ஒரு ஒழுங்கு வைச்சம்: மகளைக் கீழ இருத்தி, ரீச்சர் கதிரையில, முழங்கை ரெண்டும் தொடையில ஊண்டினபடி ஒரு பின்னல் மட்டும். மற்றப் பின்னல் மாமியார். கிழமையில 3 நாள். இதுவரைக்கும் சரிவு வரேல்லை. ரெண்டு பக்கமும் வேற வேற இறுக்கமாம், மகள் அப்பிடியே பள்ளிக்கூடம் போறாளாம்.

ஐயாவுக்கு ரெண்டுதரம் எடுத்தும் வரேல்லை. மூண்டாந்தரம் மருமகளிட்டை, "பயிற்சிக்கு இல்லை, கடல் எப்பிடி எண்டு கேக்கத்தான் எடுத்தனான்" எண்டு சொல்லச் சொன்னன். வந்தார். காத்து எந்தப் பக்கம், எந்த மீன் படுகுது எண்டு 20 நிமிசம் கதைச்சார். நான் கேட்டுக்கொண்டிருக்க மூச்சும் பெரிசாய் முட்டேல்லை. போனை வைக்க முதல், "அண்டைக்குப் பொய் சொன்னது வெக்கமாய்ப் போச்சு பிள்ளை" எண்டார். 6 கிழமையில முதல்முறை மிஸ் எண்டு சொல்லேல்லை.

பத்துக்கு 5 எண்டு சொன்னார். ஏன் 1 இல்லை எண்டு கேட்டன். மகன் படகு கட்டுற கரைக்குப் போய், வலை இழுக்கிறதைப் பாக்க வேணுமாம். வீட்டில இருந்து பவளக்கல் மதில் நெடுகப் போனால் 5 படலை தாண்டிக் கரை. பம் அடிச்சுக் காட்டச் சொன்னன். சேர் சொன்னது சரி, அமத்தினதுக்குப் பிறகுதான் மூச்சை இழுக்கிறார். அதைத் திருத்தவே ஒரு பின்னேரம் போச்சு. சுடு தேத்தண்ணியை ஆத்துற மாதிரி வாயைக் குவிச்சு ஊதிக்கொண்டு நடக்கிறார், ஒரு கை மதிலில. இப்ப ரெண்டாம் படலை மட்டும். மருமகள் ஒரு பழைய பிளாஸ்ரிக் கதிரையை அங்க கொண்டுபோய் வைச்சிருக்கிறா, இருந்து ஆறிப்போட்டுத் திரும்பி வர. தேவாரம் சொல்லுறது பேரனின்ர பொறுப்பு, அவன் முதல் அடி சொல்ல இவர் ரெண்டாம் அடி.

மற்ற 5 பேரில ரெண்டு பேர் திரும்ப வந்திருக்கினம். 3 பேர் இன்னும் எடுக்கினமில்லை. அவைக்கும் குரல்பதிவு அனுப்பினன், "செய்தியளோ" எண்டு கேளாமல். பாப்பம்.

கைதடி அக்கா, உங்கட பில் கொப்பியில ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவியளோ? ஆக்களின்ர பேரை மறைச்சுப்போட்டு. ரீச்சருக்குக் காட்ட வேணும், அவவும் ஒரு கொப்பி துவங்கப் போறாவாம்.